டிஸ்க் இல்லாத இருபது கம்ப்யூட்டரும் அஞ்சு பூட்டும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் மிஷின் கெட்டுப்போய் வருகிற தொல்லை கால்வாசிதான். நாம் ஒன்று சொல்ல, அது கேட்பவர் காதில் இன்னொன்றாக விழுந்து வருகிற தொல்லை முக்கால்வாசி. ஸ்க்ரூ டிரைவரையும் பொறுமையையும் ஒரே நாளில் தொலைத்துவிட்டு ரெண்டையும் மேஜைக்கு அடியில் தேடுகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. எனக்குச் சும்மா இருக்கவே வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நடப்பேன், நடந்தால் எந்த வயரையாவது தட்டிவிடுவேன்.

எனக்கு ஊர் கீழ்புத்துப்பட்டு. பதினோரு வருஷம் ஆரோவில்லில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளைக் கற்றுக்கொண்டது அங்கேதான். அப்புறம் யாருக்குக் கீழும் வேலை செய்ய மாட்டேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். முதலில் கிடைத்த பெரிய வேலை மரக்காணத்தில், மகளிர் குழுக்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு பயிற்சி மையம். அங்கே பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

உப்புக் காத்து தின்ற இருபது

மையத்தின் செயலாளர் லூர்து மேரி அக்கா. ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசத் தெரியாது. என்னைக் கூட்டிப்போய் ஒரு அறையைத் திறந்து காட்டினார். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி தனக்கு வேண்டாம் என்று அனுப்பிவைத்த இருபது பழைய கம்ப்யூட்டர்கள். ஜன்னலுக்கு வெளியே உப்பளம், பார்த்தாலே கண் கூசுகிறது. அந்தக் காற்றில் ரெண்டு வருஷம் சும்மா கிடந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக ஆன் பண்ணினேன். ஒன்று கடகட என்றது, ஒன்று முனகியது, மற்றவை வாயே திறக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் இருபதிலும் எல்லாத்தையும் சேமித்து வைக்கிற ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போயிருந்தது. பாக்கியெல்லாம் துடைத்து எடுத்தால் தேறும்.

புதுசாக இருபது டிஸ்க் போட்டால் அதையும் இந்தக் காற்று தின்றுவிடும். அதனால் வேறு வழி சொன்னேன். இந்த இருபதுக்கும் டிஸ்க்கே வேண்டாம். உள்ளே ஒரு சின்ன அறையை நன்றாக அடைத்து, ஒரே ஒரு நல்ல கம்ப்யூட்டரை வைப்போம். லினக்ஸ் அதில் மட்டும் இருக்கும். வெளியே இருக்கிறவை பட்டனை அமுக்கினதும் கேபிள் வழியாக அதனிடம் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும். லினக்ஸ் இலவசம் வேறு. அக்கா சரி என்றார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். கம்ப்யூட்டர் பரீட்சை நடத்துகிற இடத்திலிருந்து ஒருவர் இருபத்தஞ்சு நாளில் பார்வையிட வருகிறார். அவர் கண் முன்னால் இருபதும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஓடினால் இந்த வருஷமே இங்கேயே பரீட்சை. ஒன்று குறைந்தாலும் படிக்கிற இருபது பேருக்கும் அடுத்த வருஷம்தான்.

அந்த இருபதில் ஒருத்தி அஞ்சலை. முப்பத்தாறு வயசு. விடியற்காலையில் உப்பு வாரிவிட்டுப் பத்து மணிக்கு வகுப்புக்கு வருவாள். வலது காலில் கட்டைவிரலுக்கு அடியில் புண், அதைச் சுற்றி பாலிதீன் கவர், அதுக்கு மேல் துணி. ஆறு மாசமாக ஆறவில்லை. இன்னும் ஒரு வருஷம் உப்புத் தண்ணியில் நின்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பரீட்சையில் பாஸ் பண்ணினால் இந்த லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்குத்தான் என்று லூர்து அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அஞ்சலையே சொன்னாள்: "ஒடம்புல சுகரு, வேலை உப்புல. ரெண்டுத்துக்கும் நடுவுல என் காலு மாட்டிக்கிச்சி மேடம்."

டெஸ்க்

வேலை ஆரம்பித்த மூணாவது நாள், கேபிள் வாங்க பாண்டிச்சேரி போயிருந்தேன். கடைக்குள் ஒரே சத்தம். லூர்து அக்கா ஃபோன் பண்ணினார். எல்லாம் சரியாக வந்துவிடுமா, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்றார். எனக்கும்தான் அடித்துக்கொண்டது, ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? தைரியமாக ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் போனால், அறையில் ஒரு மேஜைகூட இல்லை. இருபது கம்ப்யூட்டரும் தரையில், பாய் மேல், வரிசைக்கு நாலாக அஞ்சு வரிசை. பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உயிரில்லாத கீபோர்டில் டைப் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கியிருந்த பத்து டெஸ்கையும் குட்டியானை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாராம் அக்கா. அதைத் திரும்ப வாங்க நாலு நாள் ஆனது. எனக்கு இருந்ததே இருபத்திரண்டு நாள். அந்த அறைக்குள் நான் எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டதற்கு அக்கா கொஞ்சம்கூட அசராமல் சொன்னார்: "நீங்கதான மேடம் ஃபோன்ல சொன்னீங்க, நம்ம கம்ப்யூட்டர் டெஸ்க் இல்லாமலே ஓடும், கவலைப்படாதீங்கன்னு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. படிச்சவங்க சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

சர்வருக்கு ஃபேன்

உள் அறையில் வைக்கிற அந்த ஒரு நல்ல கம்ப்யூட்டருக்கு நம் தொழிலில் சர்வர் என்று பெயர். இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைத்தேன். மையத்து வாட்ச்மேன் கோதண்டம் அண்ணனிடம் லூர்து அக்கா போகிற போக்கில் ஏற்பாடெல்லாம் சொல்லியிருக்கிறார். நாளைக்கு சர்வர் வருது, உள் ரூமை சுத்தம் பண்ணு, ஜன்னலை அடை, ஒரு ஃபேன் மாட்டு, சர்வருக்கு சூடு ஆகாது, அந்த ரூமுக்குள்ளே உன்னைத் தவிர யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது.

மறுநாள் நான் சர்வரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். கோதண்டம் அண்ணன் வாசலில் நின்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். ரோட்டைப் பார்க்கிறார். அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, மூலையில் ஒரு சொம்புத் தண்ணி, ஸ்டூல் மேல் பொட்டலம் கட்டின சாம்பார் சாதம். நான் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, இதுதான் சர்வர் என்றேன். காலிப் பெட்டிக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாதப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகும்போதுதான் சொன்னார்: "திண்டிவனத்துல ஒரு ஓட்டல்ல பன்னெண்டு வருஷம் சர்வரா இருந்தேன் மேடம். எனக்கு ஒருத்தனும் ஃபேன் போட்டதில்ல."

சின்னம்

பதினொண்ணாவது நாள் முதல் கம்ப்யூட்டர் எழுந்தது. பட்டனை அமுக்கினேன், கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, மூலையில் லினக்ஸுக்கு உரிய அந்தக் குண்டு பெங்குவின் வந்து நின்றது. டிஸ்க் இல்லாத வெறும் டப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு வயர் பிடுங்கிக்கொண்டு திரும்ப அணைந்துவிட்டது.

ரெண்டாவது தடவை எழுந்தபோது ஒவ்வொருவரும் ஒரு கேள்வி. இது காசு கொடுத்து வாங்கினதா? இல்லை, ஃப்ரீ. யார் கொடுத்தது? உலகம் பூரா எத்தனையோ பேர் சேர்ந்து எழுதி எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். எதுக்குக் கொடுக்கிறார்கள்? நான் சுதந்திர மென்பொருள் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். அவ்வளவு நேரமும் லூர்து அக்கா அந்தப் பெங்குவினையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் ஃப்ரீயாக வருகிற மிக்ஸியில், கிரைண்டரில் படம் ஒட்டியிருக்கும், அது யார் படம் என்று எல்லாருக்கும் தெரியும். இது யார் என்றுதான் அக்காவுக்குத் தெரியவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாக ஓரம் கட்டிக் கேட்டார்: "இந்தச் சின்னத்து மேல ஒரு பேப்பர் ஒட்டிடலாமா மேடம்? பாக்க வர்றவரு வேற கட்சியா இருந்துட்டா?"

கடைசிப் பாத்தி

எட்டு நாள் பாக்கி இருந்தது. தனித்தனியாக ஆன் பண்ணினால் இருபதும் ஓடுகிறது. இருபதையும் சேர்த்து ஆன் பண்ணினால் முதல் ரெண்டு வரிசை எழுகிறது, மூணாவது வரிசை திணறுகிறது, கடைசி வரிசை சர்வரையே காணோம் என்று கையை விரித்துவிடுகிறது. கேபிளை மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன், சர்வரைத் திட்டினேன். மூணு நாள் இதே கூத்து. ராத்திரி வீட்டிலும் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் "கொஞ்சம் உட்காரேன்டி, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

நாலாவது நாள் காலையில் நான் வரிசைக்கு நடுவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். அஞ்சலை கடைசி வரிசையில், ஒரு செங்கல் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வராத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், எல்லாத்துக்கும் ஒரே எடத்துலருந்துதான வருது?" என்றாள். ஆமாம் என்றேன். "வர்ற வழியும் ஒண்ணுதான?" அதுவும் ஆமாம். "அப்ப ஏன் மேடம் எல்லா மடையையும் ஒண்ணா தொறக்குறீங்க? கடைசிப் பாத்திக்கு எப்படித் தண்ணி ஏறும்?"

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். உப்பளத்தில் தேக்கி வைத்த தண்ணியைப் பாத்திகளுக்கு விடும்போது ஒரு பாத்தி நிரம்பினதும் மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். அதே மாதிரி ஒரு வரிசையை ஆன் பண்ணி, ரெண்டு நிமிஷம் விட்டு அடுத்த வரிசை. எழுந்திருக்கும்போதுதான் நெரிசல், எழுந்தபிறகு எல்லாம் சேர்ந்தே ஓடும். பத்து நிமிஷத்தில் இருபதும் ஓடியது. கேபிளைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன், இது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. உனக்கு எப்படித் தோணிச்சி என்று கேட்டேன். அஞ்சலை சொன்னாள்: "இதுக்கெல்லாம் எங்களுக்குப் பரீட்சை கெடையாது மேடம். மாத்தித் தொறந்தா மேஸ்திரி திட்டுவாரு, அவ்ளோதான்."

குடங்களுக்கு நடுவில்

இனி ஒரே பயம் கரண்ட்தான். போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சர்வருக்கு ஒரு பேட்டரி வைத்திருந்தேன், அது அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல் போனால் சர்வரும் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆன் பண்ண வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி எழுப்புவதை நம் தொழிலில் பூட் என்போம். சர்வர் ரூம் சாவி கோதண்டம் அண்ணனிடம்தான். சர்வரின் பட்டனை அமுக்குகிற வேலையும் அவருக்குத்தான் என்று முதலிலேயே முடிவு. அதனால் அவருக்காக ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். 'கரண்ட் போய் வந்தால் முதலில் சர்வர் ரூம் பூட் பண்ணவும். பிறகு முதல் வரிசை பூட் பண்ணவும். இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது வரிசை பூட் பண்ணவும்.' இப்படியே அஞ்சாவது வரிசை வரை. படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

பார்வையிட வருகிற நாள். பதினோரு மணிக்கு அவர் வருவதாகப் பேச்சு. நான் எட்டரைக்கே கிளம்பிவிட்டேன். பாதி வழியில் ஈ.சி.ஆர் ரோட்டை அடைத்துக்கொண்டு காலிக் குடங்கள். குடி தண்ணி வரவில்லை என்று ஒரு ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ரெண்டு பக்கமும் பஸ், லாரி, கார். ஸ்கூட்டர் நுழையக்கூட சந்து இல்லை. அவர்கள் கேட்பது நியாயம்தான், அதனால் கோபப்படவும் முடியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன். ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பாத்ரூம் போவணுமா?" என்று கேட்டார்.

பத்து மணிக்கு லூர்து அக்காவின் ஃபோன். வரவேண்டியவர் திண்டிவனம் ரோடு வழியாக முன்கூட்டியே வந்துவிட்டார். ஒன்பது மணிக்குப் போன கரண்ட் கொஞ்சம் முன்னால்தான் வந்தது. அப்படியானால் பேட்டரி தீர்ந்து சர்வர் அணைந்திருக்கும். பதறிப்போய், கோதண்டம் அண்ணன் அட்டையில் இருக்கிற மாதிரி செய்தாரா என்று கேட்டேன். செய்தார், ஆனால் ஒரு கம்ப்யூட்டரும் வரவில்லை என்றார் அக்கா. சர்வரை என்னதான் பண்ணினார் என்று கத்தினேன். குடத்துக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நிதானமாகச் சொன்னார்: "நீங்க எழுதின மாதிரியே அந்த ரூமைப் பூட்டிட்டு சாவியை இடுப்புல சொருகிக்கினு கடைத்தெருவுக்குப் போயிருக்காரு மேடம்."

அஞ்சு பூட்டு

கோதண்டம் அண்ணனுக்கு ஃபோன் பண்ணச் சொன்னேன். பண்ணினார்கள். அவர் ஃபோன் மையத்திலேயே சார்ஜில் கிடந்து அடித்தது. வந்தவர் சர்வர் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பன்னெண்டு மணிக்கு வேறொரு ஊரில் வேலை, பதினொண்ணு வரைக்கும் பார்க்கிறேன் என்றாராம். நான் ரோட்டில் குடங்களுக்கு நடுவில் நிற்கிறேன். வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் நான் நின்றதில்லை. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் லூர்து அக்கா அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ஃபோனை அஞ்சலை வாங்கினாள். "மேடம், கதவைத் தொறந்துடட்டுமா?" என்றாள். சாவி இல்லாமல் எப்படி என்று கேட்டேன். "இந்த ஊர்ல எந்தத் தாப்பா மேடம் ரெண்டு வருஷம் தாங்கியிருக்குது?" என்றாள். வாடகைக் கட்டிடம், உடைக்கக் கூடாது என்று அக்கா பின்னால் சொல்வது கேட்டது. உடை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினாளாம், உப்பில் இற்றுப்போன தாழ்ப்பாள் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்துவிட்டது. பூட்டு மட்டும் பூட்டினபடி அப்படியே இருந்ததாம். சர்வரை ஆன் பண்ணினாள். அதுக்கப்புறம் ஒரு மடை, ரெண்டு நிமிஷம், அடுத்த மடை.

எனக்கு இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. கோதண்டம் அண்ணன் ஏன் அப்படிச் செய்தார் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சைக்கிளில் தொங்கவிட்ட பையோடு வாசலில் நின்றிருந்தார். பையில் புத்தம் புதுசாக அஞ்சு பூட்டு, வரிசைக்கு ஒன்று. சுவரில் என் அட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் பூட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நீல மையில் அழகாக ஒரு எழுத்து சேர்த்திருந்தது. நான் வாயைத் திறப்பதுக்குள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் காதில் விழாமல் சொன்னார்: "ஆறு எடத்துல 'டு' விட்டுட்டீங்க மேடம். வந்தவரு பாத்தா நம்ம மையத்தைப் பத்தி என்னா நெனப்பாருன்னு நானே போட்டுட்டேன்."

பென்சில்

ஆனால் அதுக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். வரிசை வரிசையாக எழுப்பி முடித்தபோது மணி பத்தே முக்கால். வந்தவர் கையில் பென்சிலோடு எழுந்து ஒவ்வொன்றாக எண்ணினாராம். பத்தொன்பது. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் பீப், பீப் என்று கத்திக்கொண்டு எழாமல் கிடக்கிறது. அவர் மணியைப் பார்க்கிறார். லூர்து அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார். பத்தொன்பது என்றால் இருபது பேருக்கும் அடுத்த வருஷம்தான், அஞ்சலைக்கு இன்னொரு வருஷம் உப்புத் தண்ணி.

தொழில்காரர்களே, அந்த பீப் சத்தம் எதனால் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே ரேம் என்கிற சின்னப் பட்டையின் பல்லில் உப்பு படிந்திருக்கும். கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். நான் அப்படித் தேய்ப்பதை அஞ்சலை அந்த இருபத்தஞ்சு நாளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் ரப்பர் என் பையில், பை என் ஸ்கூட்டரில், ஸ்கூட்டர் ரோட்டில். அறையில் தேடினால் ஒரு ரப்பரும் இல்லை. கம்ப்யூட்டர் வகுப்பில் ரப்பருக்கு என்ன வேலை? அஞ்சலை நேராக வந்தவரிடம் போய், "சார், அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுங்க" என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாளாம். மூடியைக் கழற்றி, பட்டையை எடுத்து, பென்சில் பின்னால் இருந்த ரப்பரால் ரெண்டு பக்கமும் தேய்த்து, ஊதி, மாட்டினாள். அவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறியல் கலைந்து வந்து சேர்ந்த நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். பார்வையிட வந்தவர் எதிரே வந்துகொண்டிருந்தார். ரோடு மறியல் சார், குடம் சார், கரண்ட் சார் என்று என்னென்னவோ உளறினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பென்சிலைத் திருப்பி எனக்குக் காட்டினார், பின்னால் வெறும் தகரம்தான் இருந்தது. அப்புறம் சொன்னார்: "இருபதும் ஓடுதுன்னு எழுதிட்டேன் மேடம். ரப்பரைத் தேய்ச்சே தீத்துட்டாங்க, இனிமே அழிக்கணும்னாலும் என்னால முடியாது."

செருப்பு

பரீட்சை நடந்தது, முடிவும் வந்தது. அஞ்சலை பாஸ். லூர்து அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுக்கப்புறம் மரக்காணத்திலிருந்து எனக்கு ஃபோன் வருவது நின்றுபோனது. நம் தொழிலில் வாடிக்கையாளர் கூப்பிடவில்லை என்றால் ஒன்று எல்லாம் நன்றாக ஓடுகிறது, இல்லை எல்லாமே படுத்துவிட்டது. எது என்று தெரியாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தேன், ரெண்டு மாசம் பார்த்தேன். மூணாவது மாசம் யாரும் கூப்பிடாமலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அறையில் புதுசாகச் சேர்ந்த பெண்கள் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருபதும் ஓடியது. கனெக்டர்களில் ஏதோ பிசுபிசுவென்று பூசியிருந்தது. உப்பு அரிக்காமல் இருக்க உப்பளத்து மோட்டாருக்குப் பூசுகிற கிரீஸ் என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றினேன். எந்த ஊர் கம்ப்யூட்டர் அறையிலும் அதுதானே சட்டம், தூசி உள்ளே போகக் கூடாது. அப்போதுதான் பார்த்தேன், வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. உள்ளே இருந்த அத்தனை பேர் காலிலும் செருப்பு.

அஞ்சலை எழுந்து வந்தாள். நொண்டாமல் வந்தாள். அவள் காலில் தடித்த ரப்பர் செருப்பு. பாலிதீன் கவர் இல்லை, துணி இல்லை. நான் குனிந்து எண்ணிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அஞ்சு விரலும் இருந்தது. எண்ணினதை மறைக்க, என்ன இது, லேபுக்குள் எல்லாரும் செருப்போடு என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன். அஞ்சலை என் செருப்பை ஒரு காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். "மாட்டிக்கினு உள்ள வாங்க மேடம். இதுல பாதிப் பேரு உப்பளத்துலருந்து நேரா வர்றவங்க, எல்லார் காலுலயும் வெடிப்பு. டிஸ்க்கே இல்லாத மிஷினைத் தூசி என்னா பண்ணிடும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு இருபதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றிலும் கை வைக்க வேலை இல்லாமல் வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது, அந்த மையத்தில் டிஸ்க்குக்கு அடுத்தபடியாகத் தேவையில்லாமல் போன சாமான் நான்தான் என்று.